ஆளில்லாத வட்டத்துக்கு வந்த தொக்சிம்

வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த போர் ஓய்ந்து அந்த வட்டம் தெற்கின் கைக்கு வந்தபோது அதற்கு ஓர் அலுவலகம் இருந்தது. வாசலில் கொடிக்கம்பம் இருந்தது. மேசையின் மேல் புத்தம்புது முத்திரையும் இருந்தது. ஆள்தான் இல்லை. முன்பு அங்கே இருந்தவர்களில் பாதிப்பேரை வடக்கத்திப் படை பின்வாங்கும்போது கூட்டிக்கொண்டு போயிருந்தது. மிச்சப்பேர் குளிரில் நடந்தே தெற்கே ஓடியிருந்தார்கள். ஓட முடியாமல் விழுந்தவர்கள் மலைக்கு அடியிலேயே மண்ணாகிவிட்டார்கள். அதிகாரி மட்டும் தினமும் வந்து உட்கார்ந்து, குத்துவதற்குக் காகிதம் இல்லாமல், மாலையில் வீட்டுக்குப் போனார்.

ஆளில்லாத நிலம் எல்லையோரம் கிடந்தால் எதிரிக்கு ஆசை வரும் என்று ராணுவம் நினைத்தது. வருகிறவர்களுக்கு நிலமும் வீடும் தருவதாக அறிவித்தார்கள். குடும்பமாக வரவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. தனியாள் வந்தால் தனியாகவே ஓடிப்போவான் என்பது அவர்கள் கணக்கு.

தொக்சிம் அப்போது வோஞ்சு ஊரில் சிப்பாய்களின் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கட்டியவன் போரின் முதல் வருஷத்திலேயே செத்துப்போனான். புருஷனை முழுங்கினவள் என்று சொல்லி மாமியார் வீட்டில் வெளியே தள்ளியிருந்தார்கள். நிலம் என்ற சொல் காதில் விழுந்ததும் துவைத்த துணியைப் பிழியாமல் போட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றாள். மேசைக்கு அருகே வந்தபிறகுதான் நிபந்தனை தெரிந்தது. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்கள். அவளுக்குப் பின்னால் இடது கையில் இரண்டு விரல் இல்லாத ஒருவன் நின்றிருந்தான். சம்சாரத்தோடு வா என்று அவனைக் காலையிலேயே ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதை அவன் யாரிடமோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்திருந்தது; ஏன் என்பது இப்போதுதான் புரிந்தது.

"இதோ, பின்னாடி நிக்கிறாரே" என்றாள்.

அவன் மறுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு ஓர் அடி முன்னால் வந்தான். லாரி கிளம்பி ஊர் மறைந்தபிறகுதான், உன் பேர் என்ன என்று அவளிடம் கேட்டான். அவன் பெயர் மன்போக்.

இறக்கிவிட்ட இடத்துக்கு வோல்சான் என்று வரைபடத்தில் பெயர். சுற்றிலும் மலை, நடுவில் பள்ளம், பள்ளம் நிறைய ஆளுயரப் புல். வீடு தருவதாகச் சொன்னவர்கள் கூடாரம் தந்தார்கள். கூடாரத்துக்கு நடுவே தொக்சிம் அரிசிச் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டாள். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். முதல் குளிர்காலத்தில் தண்ணீர்ப் பானை உறைந்து வெடித்த அன்று சாக்கைக் கழற்றி இருவருமாகப் போர்த்திக்கொண்டார்கள். அதன்பின் அது மறுபடி ஏறவில்லை. கல்யாணம் எப்போது நடந்தது என்று பிற்பாடு யாராவது கேட்டால், பானை உடைந்த அன்று என்பாள் தொக்சிம்.

சீட்டுக் குலுக்கி நிலம் பிரித்தார்கள். அவர்களுக்கு வடக்குச் சரிவு விழுந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் கூடாரத்துக்குத் திரும்பிவிட வேண்டும்; சிப்பாய் வந்து தலையை எண்ணுவான். புல்லுக்குள் கண்ணிவெடி இருந்தது. அதை எடுப்பதாக ராணுவம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஜனங்கள் மூங்கில் கழியால் குத்திக் குத்தித் தாங்களே எடுத்தார்கள்.

வந்தவர்களில் யாரைக் கேட்டாலும் சொந்த ஊர் வேறாக இருந்தது. ஒருத்தி கடலோரம், ஒருவன் தெற்கு மூலை. கருவாடு சுடுவதில்கூட ஆளுக்கொரு நியாயம். ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு: நாலு காசு பார்த்ததும் ஊருக்குப் போய்விடுவோம், செத்தாலும் இங்கே புதைக்கக்கூடாது.

நிலம் திருத்தத் திருத்த, புல்லுக்குள்ளிருந்து பழைய சமாதிகள் வெளிவந்தன. ஒவ்வொருவர் நிலத்திலும் ஒன்றோ இரண்டோ மண்மேடு. யாருடையது என்று சொல்ல ஆள் இல்லை. அவர்களுடைய நிலத்தில் மேலே, ஓக் மரத்துக்கு அடியில், புதருக்குள் ஒன்று இருந்தது. மன்போக் அதைப் பார்த்ததும் கழியைக் கீழே வைத்தான். "வீட்டுக்காரர் உள்ளதான் இருக்கார். சொல்லாம எப்படி உழறது?" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் அரிசிக் கள்ளை மேட்டில் ஊற்றினான். சூசோக் என்ற அறுவடைப் பண்டிகைக்கு முன்னால் எல்லோரும் தங்கள் முன்னோர் சமாதியில் புல் வெட்டுவார்கள் அல்லவா, வோல்சானில் வெட்டுவதற்குச் சொந்த சமாதி எதுவும் இல்லாததால் இவற்றை வெட்டினார்கள். கை சும்மா இருக்கவில்லை என்பதைத் தவிர அதில் பெரிய தர்மம் எதுவும் கிடையாது.

நாலாவது வசந்தத்தில் சரிவின் தலைமாட்டில் கழி காணாத ஒரு வெடி மன்போக்கைக் கொண்டுபோனது. அவனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. தொக்சிம் கீழே உருளைக்கிழங்கு விதைத்துக்கொண்டிருந்தாள். ஓடிப் பார்த்தாள். பார்த்ததை அவள் யாரிடமும் விவரித்ததில்லை.

வோல்சானில் அதுதான் முதல் சாவு. எங்கே புதைப்பது என்று கூட்டம் கூடிப் பேசியது. அவன் ஊர் தெற்கே ஏழு மலைக்கு அப்பால். பிணத்தோடு போக அனுமதிச் சீட்டு வேண்டும், லாரி வேண்டும். இப்போதைக்கு இங்கே வைப்போம், பிறகு எடுத்துப் போகலாம் என்றார் ஊர்த்தலைவர் பாங். அவரும் இன்னும் மூன்று பேரும் பாடை தூக்கினார்கள். அவன் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, மேலே இருக்கும் பழையவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று தொக்சிம் குழி காட்டினாள். பிறகு எடுத்துப் போவது நடக்கவில்லை. அடுத்த வருஷம் இன்னொருவர் போனார், பிறகு ஒரு குழந்தை. ஊருக்குப் போய்விடுவோம் என்ற பேச்சு அதன்பின் மெல்ல மெல்ல நின்றுபோனது. அந்த வட்டம் எப்போது உண்டானது என்று அலுவலகத்தில் கேட்டால் அரசாணைத் தேதி சொல்வார்கள். தொக்சிம்மைக் கேட்டால் வேறு தேதி சொல்வாள்.

அவள் மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. இரண்டு புருஷனை முழுங்கியது போதும் என்று தானே சொல்லிச் சிரித்து, பேசுகிறவர்களின் வாயை அடைத்தாள். மிச்ச நிலத்தைத் தனியாளாகத் திருத்தினாள். முள்ளங்கி போட்டாள், கோஸ் போட்டாள், கடன் வாங்கி ஓர் எருது வாங்கினாள். இதற்கிடையே வோல்சான் நிரம்பியது. வீட்டுக்கு ஐந்து ஆறு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் காலையில் பாதி, மதியம் பாதி. பஸ் வந்தது, மின்சாரம் வந்தது. வட்ட அலுவலகத்தில் முத்திரை தேய்ந்து புதிது செய்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளே பஸ் ஏறி சியோலுக்கும் இஞ்சியோனுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். வந்த பஸ் நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு காலியாகத் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் மதிய வகுப்பு நின்றது. பிறகு இரண்டு வகுப்பை ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். ஊராட்சி குமாஸ்தா, மீசை சரியாக முளைக்காத ஒருவன், சைக்கிளில் வீடு வீடாக வந்து, யாரையும் ஊரை விட்டுப் போகச் சொல்லாதீர்கள், இன்னும் ரெண்டு பிள்ளை குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. போருக்கு முன் அங்கே நிலம் வைத்திருந்து தெற்கே ஓடியவர்கள், இடத்தைச் சரியாக அடையாளம் காட்டினால் திரும்பப் பெறலாம். பழைய பத்திரங்கள் எரிந்துவிட்டன. ஓடைகூடத் தடம் மாறியிருந்தது. அடையாளமாக நின்றவை சமாதிகள் மட்டும்தான்.

அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஒரு வாரம் வோல்சானில் எல்லா நிலத்திலும் மண்வெட்டி விழுந்தது. கால் நூற்றாண்டு புல் வெட்டிய மேடுகளை, வெட்டிய கைகளே சமன் செய்து மேலே முள்ளங்கி விதைத்தன. குற்றம் சொல்வது சுலபம். அந்த நிலத்தைத் தவிர அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை. பாங் வந்து தொக்சிம்மின் வேலியோரம் நின்றார்.

"தங்கச்சி, மேல இருக்கறத எடுத்துட்டியா?"

"எடுத்துட்டா மன்போக் தனியா இருப்பாரே" என்றாள்.

"வெளையாடாத. நெலம் போனா நீ தெருவுலதான்."

செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். மண்வெட்டியோடு மேலே போகவும் போனாள். புதரை விலக்கிப் பார்த்துவிட்டு, இது வெளியே தெரியவா போகிறது என்று திரும்பி வந்தாள். பாங் கேட்டபோது வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டாள்.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் அதிகாரியோடு ஒருவன் வந்தான். பெயர் நம்குங். நாற்பதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு, வயலுக்குள் வரத் தெரியாத செருப்பு. ஐந்தாறு வயதில் அப்பாவின் முதுகில் தெற்கே போனவன். எங்கள் நிலத்துக்கு மேலே தாத்தாவின் சமாதி இருந்தது, பக்கத்தில் மரம் இருந்தது என்பதைத் தவிர அவனுக்கு எதுவும் நினைவில்லை. சரிவைக் கண்டதும் நின்றான். தலைமாட்டில் மன்போக்கின் மேடு வழவழவென்று புல் வெட்டி, தூரத்திலிருந்தே தெரிந்தது. அவன் நேராக அதன் முன்னால் போய்க் குப்புற விழுந்து வணங்கினான்.

"தாத்தா, அப்பாவால வர முடியல. போன வருஷம் போயிட்டார். நான் வந்துட்டேன்" என்று சொல்லி அழுதான்.

ஊரே நின்று பார்த்தது. தொக்சிம் கீழே முள்ளங்கிப் பாத்தியில் இருந்தாள். அவன் அழுது முடிக்கும்வரை பாங் மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு அதிகாரியிடம், இது இந்தம்மாவின் வீட்டுக்காரர், பாடை தூக்கியவன் நான்தான், ஊராட்சியில் பதிவும் இருக்கிறது என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வேறு பழைய சமாதி ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றார் பாங். எல்லோரும் தொக்சிம்மைப் பார்த்தார்கள். அவள் குனிந்து களை பிடுங்கினாள். அடையாளம் தவறு, கோரிக்கை தள்ளப்படும், ஆட்சேபம் இருந்தால் மாதத்துக்குள் எழுதித் தரலாம் என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

நிலம் தங்கிவிட்டது. தொக்சிம்முக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஊர் கலைந்த பிறகும் நம்குங் போகவில்லை. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சரிவோரம் உட்கார்ந்து செருப்பின் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். நெற்றியில் மன்போக்கின் மேட்டு மண் ஒட்டியிருந்தது. அவள் கூடையோடு அவனைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது.

"முப்பத்தொரு வயசுல செத்த மனுஷனத் தாத்தாங்கற" என்றாள்.

அவன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டான். நிலத்தைப் பற்றிப் பேசுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் பேசவில்லை. தெரியாத ஆளிடம் போய் வீட்டுச் சாவைச் சொல்லி அழுதுவிட்டேனே என்றான்.

"அப்ப எங்க தாத்தா எங்க இருக்கார், அம்மா?" என்று கேட்டான்.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இந்த ஒரு கேள்வியை அதிகாரி கேட்டபோது குனிந்துகொள்ள முடிந்தது. இவன் கேட்கும்போது குனிய முடியவில்லை. மன்போக்குக்கு முன்னால் அவளைத் தவிர ஒருத்தரும் இதுவரை விழுந்து வணங்கியதில்லை; பெறாத பிள்ளை எங்கிருந்து வந்து வணங்கும்? இவன் தவறுதலாகத்தான் வணங்கினான். ஆனாலும் வணங்கியது வணங்கியதுதான். அந்தக் கடனை வைத்துக்கொண்டு அவளால் வீட்டுக்குப் போகமுடியவில்லை. கூடையை இறக்கி வைத்தாள். கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். அவன் பின்னால் வந்தான்.

புதரை விலக்கியதும் மேடு தெரிந்தது. புல் ஒட்ட வெட்டியிருந்தது. நம்குங் மேட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திரும்ப மேட்டைப் பார்த்தான். தரையில் விழுந்தான். இந்தமுறை அவன் சத்தமே போடவில்லை.

"எழுதிக் குடுக்கணும்னா குடு. பஸ் நாலு மணிக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

எழுதித் தரமாட்டான் என்று அவள் நினைத்தாளா? நினைத்தாள். ஈரமுள்ள ஆளாகத்தான் தெரிந்தான். அவனோ சியோலில் வைத்த கடை நொடித்து, வாடகை வீட்டையும் காலி செய்யச் சொல்லியிருந்த நிலையில் இருந்தான். மாதம் முடிவதற்குள் எழுதிக் கொடுத்தான். அதிகாரி மறுபடி வந்தார், புதரை விலக்கச் சொன்னார், எழுதிக்கொண்டார். சரிவு முழுவதும் அவனுக்குப் போனது. தொக்சிம்முக்குக் கூடாரத்துக்குப் பதிலாகப் பின்னாளில் அரசு கட்டித் தந்த சின்ன வீடும், மன்போக்கின் மேடும்தான் மிச்சம். இருபது வருஷம் அசையாமல் இருந்த சமாதியை நிலத்துக்காரன் அகற்றக்கூடாது என்பது ஊர்வழக்கம், சட்டமும் அதுவே.

பைத்தியக்காரி என்று பாங் அவளிடம் ஒரு மாதம் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோதும் அதையேதான் சொன்னார்.

வசந்தத்தில் நம்குங் பெண்டாட்டியோடும் இரண்டு பிள்ளைகளோடும் சின்ன லாரியில் வந்து இறங்கினான். பள்ளிக்கூடம் பிழைத்தது. குமாஸ்தா சந்தோஷம் தாங்காமல் சைக்கிளில் தொக்சிம் வீட்டுக்கே வந்து, உங்களால் வட்டத்துக்கு நாலு தலை கூடிற்று பெரியம்மா என்று நன்றி சொன்னான். அவன் மேல் எதையாவது எறியலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கையில் இருந்தது முட்டை என்பதால் விட்டுவிட்டாள்.

ஊர் அவனை வெளியூர்க்காரன் என்றே அழைத்தது. வோல்சானில் இருந்த அவன் வயதுக்காரர்களில் அந்த மண்ணில் பிறந்தவன் அவன் ஒருவன்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் அழைத்தார்கள். அவனுக்கு உழவும் தெரியவில்லை. கோஸை நெருக்கி நட்டு அழுகவிட்டான். பக்கத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருந்தார்கள். தொக்சிம்மும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நிலத்தை நீங்களே பயிரிடுங்கள், பாதி விளைச்சல் தந்தால் போதும் என்று அவன் பெண்டாட்டியை அனுப்பிக் கேட்டான். என் நிலத்தை எனக்கே வாரத்துக்கா என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். பிறத்தியார் வயலில் கூலிக்குப் போனாள். வழியில் அவன் தலை குனிந்து வணக்கம் சொன்னால், எருது தும்மியதுபோல அதைப் பாவித்துக் கடந்து போனாள்.

வோஞ்சுவில் இருந்த தங்கைக்குச் சொல்லியனுப்பினாள். சூசோக் முடிந்ததும் வந்து சேர்ந்துகொள்கிறேன், ஒரு மூலை போதும் என்று. குமாஸ்தா கேள்விப்பட்டு ஓடிவந்து, ஒரு தலை குறையுமே பெரியம்மா என்றான். என் தலைக்கு இந்த வட்டம் என்ன செய்தது என்று அவள் கேட்டாள். போவதில் அவளுக்கு ஒரே ஒரு குறைதான். மன்போக்கை எடுத்துப் போக முடியாது. எடுத்தாலும் எந்த ஊருக்கு எடுத்துப் போவது? அவன் ஊரை அவள் பார்த்ததே இல்லை. அவள் போனபின் மேட்டில் புல் மண்டும். ஐந்து வருஷத்தில் மேடு இருந்த இடமே தெரியாது. அதை நினைக்கும்போதெல்லாம் துணிமூட்டை கட்டும் கை நின்று நின்று போனது.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, கடைசியாக ஒருமுறை வெட்டிவிட்டுப் போவோம் என்று கருக்கரிவாளைத் தீட்டிக்கொண்டு சரிவேறினாள். அவன் நிலம் என்பதால் வரப்போரமாகவே நடந்தாள்.

மன்போக்கின் மேட்டில் புல் இல்லை. வெட்டியிருந்தது. வெட்டியது என்றும் சொல்லமுடியாது. நாவிதன் பாதியில் ஓடிப்போன தலைபோல அங்கங்கே மண் தெரிய, அங்கங்கே குடுமி நிற்க, யாரோ அரிவாளோடு சண்டை போட்டிருந்தார்கள். மேட்டுக்கு முன்னால் ஒரு கிண்ணம் கள் இருந்தது. நம்குங் மேலே ஓக் மரத்தடிக்கு ஏறிக்கொண்டிருந்தான். அங்கே புல் இன்னும் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அவளைக் கண்டதும் திருடியது அகப்பட்டதுபோல நின்றுவிட்டான். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது; துணியில் ரத்தம்.

தொக்சிம் மேட்டருகே உட்கார்ந்தாள். அழுதாள். மன்போக் செத்த அன்றும் நிலம் போன அன்றும் அழாதவள், அந்தக் குடுமிகளைத் தடவிக்கொண்டு மூக்கு ஒழுக அழுதாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் அரிவாளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

"சரியா வரலம்மா" என்றான் கடைசியில்.

அவள் பாவாடை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து குடுமிகளை ஒவ்வொன்றாக அரிந்து, ஓரத்தைச் சமன் செய்தாள். முடித்ததும் அவனைத் தாண்டி ஓக் மரத்தை நோக்கி நடந்தாள்.

"அடுத்த வருஷம் மேல இருக்கறவர மொதல்ல வெட்டு" என்றாள். "அவர்தான் மூத்தவர்."